எருமை நாக்கு: கரைக்கடல் மீனொன்றின் பெயர் வரலாறு

ரெங்கம் கடல் காணாத ஊர். ஜொகூர் மாநிலத்தின் உட்பகுதியில், குளுவாங் மாவட்டத்தில், இருப்புப்பாதையை ஒட்டி வளர்ந்த தோட்டப்புறச் சிற்றூர் அது. மேற்கே மலாக்கா நீரிணையும் கிழக்கே தென்சீனக் கடலும் அதற்குச் சேய்மையில் உள்ளன. எனினும் கடல் அவ்வூருக்கு வராமல் இல்லை. பனிக்கட்டியிட்ட பெட்டிகளில் அது வந்துகொண்டேயிருக்கிறது. கெம்போங், தெங்கிரி, செனாங்கின், ஜெனாஹாக் என்று மீன்கள் சந்தைப் பலகையில் பரப்பப்படும்பொழுது, அவற்றினிடையே சில வேளைகளில் விந்தையான மீன் ஒன்றும் கிடப்பதுண்டு. தட்டையான உடல், ஒரு பக்கம் சேற்று நிறம், மறுபக்கம் வெளிறிய நிறம், கண்கள் இரண்டும் ஒரே பக்கத்தில். மலாய் மொழியில் அதனை 'ஈக்கான் செபெலா' என்பர். வாங்கும் தமிழரும் அப்பெயரைச் சொல்லியே வாங்குவர்.

அம்மீனுக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு. அத்தமிழ்ப் பெயரின் ஒரு பாதி, 1801ஆம் ஆண்டு முதல் இன்றுவரை, உலகின் எந்த நாட்டு அறிவியல் நூலிலும் அம்மீனுக்குரிய பெயராக எழுதப்பட்டு வருகிறது. தோக்கியோவில் எழுதும் அறிஞரும், சிட்னியில் எழுதும் அறிஞரும், கோலாலம்பூரில் எழுதும் அறிஞரும் அத்தமிழ்ச் சொல்லை எழுதாமல் அம்மீனைக் குறிப்பிட இயலாது. பெயரை உலகுக்குக் கொடுத்த மொழியினர் அதனைத் தம் நாவிலிருந்து நழுவவிட்டது எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

அப்பெயர் 'எருமை நாக்கு'.

பெயரிட்ட கண்கள்

தட்டைமீன்கள் உலகக் கடல்கள் பலவற்றிலும் வாழ்கின்றன. அவற்றைக் கண்ட மக்கள் அனைவரும் வியந்திருக்கின்றனர். அந்த வியப்பைப் பெயரில் பதித்திருக்கின்றனர். மலாய்க்காரர் 'செபெலா' என்றனர். ஒரு பக்கம் மட்டும் உடையது என்பது அதன் கருத்து. மெலிந்து நீண்ட இனத்தை 'லீடா', அதாவது நாக்கு, என்றனர். கிரேக்கச் சொற்களால் ஆக்கப்பட்ட 'சைனோகுளோசஸ்' என்னும் அறிவியல் பெயருக்கு நாய் நாக்கு என்பது பொருள். உரோமானியர் 'சோலியா' என்றனர். அது செருப்பின் பெயர். அரபு நாட்டார் ஒருவகைத் தட்டைமீனை 'மூசாவின் மீன்' என்று வழங்குகின்றனர். மூசா நபி கடலைப் பிளந்த வேளையில் அம்மீனும் இரு கூறாகப் பிளந்தது என்பது அவர்களிடையே வழங்கும் கதை.

சோழமண்டலக் கரையின் தமிழ் மீனவர் அதனை எருமை நாக்கு என்றனர். நாக்குப் போன்ற மீன்களுள் இது பருத்தது. இரண்டடி நீளம் வரை வளர்வது. மேற்புறம் கருமை படர்ந்து சொரசொரப்பாக இருப்பது. அகன்று தடித்த அவ்வுடலுக்கு மருதநிலத்து எருமையின் நாக்கை உவமையாக்கினார் நெய்தல் நிலத்து மீனவர். இரு திணைகளும் கைகோத்து நிற்கும் காவிரிக் கழிமுகத்தில் பிறக்கத்தக்க பெயர் இது. கடலுக்குப் போகும் வழியில் வயலையும் கண்டவரே இப்பெயரை இட்டிருத்தல் கூடும்.

இம்மீனின் தனித்தன்மை அறிவியலாரையும் நெடுங்காலம் சிந்திக்க வைத்தது. தட்டைமீன் முட்டையிலிருந்து வெளிவரும்பொழுது மற்ற மீன்களைப் போலவே பக்கத்துக்கு ஒரு கண்ணுடன் பிறக்கிறது. வளரும் பருவத்தில் ஒரு கண் மெல்ல நகர்ந்து தலையைக் கடந்து மறுபக்கம் சேர்கிறது. பின்னர் மீன் ஒருக்களித்துக் கடல்தரையில் படுத்து வாழத் தொடங்குகிறது. பாதி வழி மட்டும் நகர்ந்த கண்ணால் ஓர் உயிர்க்கு என்ன பயன் என்று வினவி, மிவார்ட் என்னும் ஆங்கில அறிஞர் 1871இல் டார்வினின் கொள்கையை மறுத்தார். டார்வின் தம் நூலின் 1872ஆம் ஆண்டு ஆறாம் பதிப்பில் அதற்கு விடையளித்தார். எனினும் பாதி வழி நகர்ந்த கண்ணுடைய பழைய மீன்களின் கற்படிவம் பற்றிய தெளிவான ஆய்வு 2008இல்தான் வெளிவந்தது. இத்தாலியில் கிடைத்த, ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுப் பழமையுடைய படிவங்கள் அவ்வழக்கைத் தீர்த்து வைத்தன.

அவ்வாய்விற்கு ஒப்புமை காட்டக்கூடிய, இன்று உயிர் வாழும் மீன்களுள் எருமை நாக்கு முதன்மையானது. தட்டைமீன் குலத்தில் மிகப் பழைய அமைப்புடையது அதுவே. அதன் மேற்கண் மறுபக்கத்திற்கு முழுதும் இறங்கிவிடாமல் தலையின் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. பிற தட்டைமீன்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்ன இனமாயின் இன்ன பக்கம் என்று கண்ணின் பக்கம் வரையறுக்கப்பட்டிருக்க, எருமை நாக்கில் சிலவற்றுக்கு வலப்பக்கமும் சிலவற்றுக்கு இடப்பக்கமும் கண்கள் அமைகின்றன. சில வேளைகளில் அது மற்ற மீன்களைப் போல நிமிர்ந்தும் நீந்துகிறது. இத்தகைய மீன் அறிவியலின் ஏட்டில் முதன்முதல் ஏறிய இடம் தரங்கம்பாடி.

தரங்கம்பாடியும் பெர்லினும்

தரங்கம்பாடி, தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் டேனிஷ்காரர் வசம் வந்த துறைமுகம். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும் வரை அது டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. சீகன்பால்க் 1706இல் அங்கு வந்திறங்கித் தமிழ் கற்றதும், அங்கு அமைந்த அச்சகத்தில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானதும் தமிழ் பயில்வோர் அறிந்த செய்திகள். ஆனால் அவ்வூர் சமயப் பணிக்கும் அச்சுக் கலைக்கும் மட்டுமன்றி இயற்கை ஆய்வுக்கும் நிலைக்களமாக விளங்கிற்று என்பது அவ்வளவாக அறியப்படவில்லை.

சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசின் மாணவரான கோனிக் என்னும் மருத்துவர் 1768இல் அங்கு வந்தார். செடிகொடிகளை ஆராய்ந்த அவர் 1778க்கும் 1780க்கும் இடையே சயாமுக்கும் மலாக்கா நீரிணைப் பகுதிக்கும் சென்று ஆய்வு நடத்தினார். 1776இல் வந்த ரோட்லர் தாவரவியலில் பெயர் பெற்றார். பிற்காலத்தில் தமிழ் அகராதி ஒன்றையும் தொகுத்தார். இவ்வரிசையில் மீன்களின்பால் மனம் செலுத்தியவர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான்.

ஜான் 1747இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1771இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1813இல் இறக்கும் வரை ஏறத்தாழ நாற்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் மண்ணிலேயே வாழ்ந்தவர். கல்விப் பணியிலும் ஈடுபட்டவர். பதினைந்து தமிழ்ப் பள்ளிகளிலும் ஐந்து ஆங்கிலப் பள்ளிகளிலும் இலவசக் கல்வி அளித்துக் கண்ட பயனை விளக்கும் அவரது அறிக்கை 1813இல் வெளிவந்தது. தமிழ் வழிக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் அவ்வறிக்கையையும் நோக்குதல் நன்று.

இவர் பாடம் செய்த மீன்களைப் பெர்லின் நகருக்கு அனுப்பினார். அங்கு அவற்றைப் பெற்றவர் மார்க்கஸ் எலியேசர் புளோக் என்னும் யூத மருத்துவர். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பத்தொன்பது வயது வரை ஜெர்மன் மொழியைப் படிக்கத் தெரியாதிருந்து, பின்னர் தம் முயற்சியால் மருத்துவரான புளோக், 1782 முதல் 1795 வரை பன்னிரண்டு தொகுதிகளாக மீன்களின் இயற்கை வரலாற்றை வெளியிட்டார். வண்ணம் தீட்டிய 432 படங்கள் அந்நூலை அணி செய்தன. தரங்கம்பாடியிலிருந்து ஜான் அனுப்பிய மீன்களும், அவற்றோடு அவர் எழுதியனுப்பிய உள்ளூர்ப் பெயர்களும் குறிப்புகளும் அதில் இடம்பெற்றன. நன்றிக்கடனாக 1792இல் ஒரு மீனுக்கு 'ஜானி' என்றும், 1793இல் ஒரு பேரினத்துக்கு 'ஜானியஸ்' என்றும் அவர் பெயரைப் புளோக் சூட்டினார். புளோக் 1799இல் மறைந்தார். முடிவுறாதிருந்த அவரது இறுதி நூலை ஷ்னைடர் என்னும் அறிஞர் நிறைவு செய்து 1801இல் வெளியிட்டார். அந்நூலில்தான் எருமை நாக்கு முதன்முதலாக அறிவியல் பெயர் பெற்றது.

வாடகைப் படகும் உரிமை அறிவும்

மீனை அனுப்பியவர் ஜான், அதைத் தீட்டியவர் புளோக், அச்சேற்றியவர் ஷ்னைடர். ஆனால் அதைப் பிடித்தவர் யார்? அதன் பெயரைச் சொன்னவர் யார்?

கடலுக்குப் போகத் தெரியாத ஒருவர், போகத் தெரிந்தவரின் படகைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளுதல் உலகெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில், குளிர்காலம் கழிந்து வசந்தம் பிறக்கும்பொழுது குடாவின் ஆழமற்ற நீரில் தட்டைமீன் கிடைக்கும். தூண்டில் பிரியர்கள் அக்காலத்தில் படகை வாடகைக்கு அமர்த்திச் செல்வது நெடுங்கால வழக்கம். ஜொகூரிலும் அவ்வாறே. நவம்பர் முதல் வடகிழக்குப் பருவக்காற்றால் கொந்தளிக்கும் மெர்சிங் கடல், மார்ச்சு வாக்கில் அமைதியுறும். அதன்பின் குளுவாங், ரெங்கம் போன்ற உள்ளூர்களிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தூண்டிற்காரர் மெர்சிங் சென்று படகை அமர்த்திக்கொள்கின்றனர். வாடகை கொடுப்பவர் வாங்குவது உண்மையில் படகை அன்று, படகோட்டியின் அறிவை. பாறை எங்கே, மணல் எங்கே, நீரோட்டம் எப்பொழுது மாறும், எந்த நிலவில் எந்த மீன் இரையெடுக்கும் என்பன அவன் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சொத்து. படம் எடுக்கும் நேரத்தில் மீனைக் கையில் ஏந்தி நிற்பவர் வாடகை கொடுத்தவர்; படகோட்டி படத்திற்கு வெளியே நிற்கிறான்.

பதினெட்டாம் நூற்றாண்டு அறிவியலும் அத்தகைய வாடகைப் படகில் ஏறியே கடலைக் கண்டது. தரங்கம்பாடிக் கரையின் மீனவர் பட்டினவர் எனப்படும் சமுதாயத்தார். மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரமே அவர்தம் கலம். கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல் 'கட்டமரான்' எனத் திரிந்து இன்று உலக மொழிகள் பலவற்றில் வழங்குவது அனைவரும் அறிந்ததே. ஆணியில்லாத அக்கலம் அலையேறி அலையிறங்கும். நீர் புகுந்தால் தானே வடியும். கரை சேர்ந்ததும் பிரித்து உலர்த்தப்படும். துறைமுகமற்ற, அலை உடையும் அக்கரைக்கு அதனினும் ஏற்ற கலம் இல்லை.

வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றுக்குப் பெயரிட்டுப் பருவம் பிரித்தவர் அம்மக்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயலும் மழையும். தை பிறந்தால் கடல் இளகும். பங்குனி, சித்திரையில் கரைக்கடல் தெளியும். இன்றும் சித்திரைத் தொடக்கத்தில், ஏப்ரல் 15 முதல், தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய அத்தடை 2017 முதல் 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. பெரிய படகுகள் கரையேறி நிற்கும் அந்நாட்களில் நாட்டுப்படகுகள் மட்டும் கரையோரம் சென்று வருகின்றன. வசந்தத்தின் கரைக்கடல், அன்றுபோல் இன்றும், சிறு கலத்தாருக்கு உரியதாகிறது.

மணலில் புதைந்து கிடக்கும் எருமை நாக்கைக் கண்டறிந்து பிடித்து, கரைக்குக் கொணர்ந்து, இதன் பெயர் இன்னது என்று சொன்னவர் இக்கரையின் மீனவர்தாம். அவர்களின் நாவிலிருந்து ஜானின் செவிக்கும், செவியிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து பெர்லினுக்கும் அச்சொல் பயணம் செய்தது. இம்மீன்களின் வரிசையில் மனிதப் பெயர் பெற்றது ஜானின் பெயரே. மீனவர் ஒருவரின் பெயரும் இல்லை. ஆயினும் அவர்களின் சொல் நின்றுவிட்டது. தனி மனிதரின் கையொப்பம் இல்லாத இடத்தில் ஒரு மொழியின் கையொப்பம் விழுந்தது எனலாம்.

அடைமொழி நின்றது, பெயர் போயிற்று

1801இல் ஷ்னைடர் அச்சேற்றிய பெயர் 'புளூரோநெக்டஸ் எருமெய்'. பின்னர் 1831இல் பென்னெட் என்பார் வகுத்த 'செட்டோடெஸ்' என்னும் பேரினத்தில் சேர்க்கப்பட்டு, இன்று 'செட்டோடெஸ் எருமெய்' என வழங்குகிறது. இதில் தமிழாசிரியர் நோக்கத்தக்கவை மூன்று.

முதலாவது எழுத்து. பெயரின் இறுதியில் ஐகாரத்தைக் குறிக்க இடப்பட்டுள்ள உரோமன் எழுத்திணையை ஆங்கிலேயர் பலவாறு படிப்பர். ஜெர்மானியர் படித்தாலோ அது தெளிவான ஐகாரமாகவே ஒலிக்கும். ஆகவே ஒரு ஜெர்மானியர் இப்பெயரைப் படித்தால் 'எருமை' என்றே ஒலிப்பார். தமிழ் கேட்டுப் பழகிய ஜெர்மானியச் செவி ஒன்று அச்சொல்லைப் பதிந்தது என்பதற்கு அவ்வெழுத்தே சான்று.

இரண்டாவது பேச்சு வழக்கு. அதே 1801ஆம் ஆண்டு நூலில் வாளை மீன் ஒன்றுக்கு 'அட்டு' என்னும் பெயர் இடப்பட்டது. இன்று அது 'வல்லாகோ அட்டு' எனப்படும். இது 'ஆற்று வாளை' என்பதன் முதற்சொல். ஆனால் 'ஆற்று' என்று அது பதியப்படவில்லை; 'ஆத்து' என்னும் வாய்மொழி வடிவமே ஏறியிருக்கிறது. 1793இல் புளோக் பெயரிட்ட கத்தலை மீன் 'ஜானியஸ் கருட்டா'. இது 'கருத்த கத்தலை' என்பதன் முதற்சொல். ஏட்டுச் சுவடியிலிருந்து எடுத்த சொற்களல்ல இவை. கரையில் நின்று கேட்ட சொற்கள்.

மூன்றாவது, மூன்றினுள்ளும் மிகவும் சிந்திக்கத்தக்கது. எருமை நாக்கில் 'நாக்கு' போயிற்று, 'எருமை' நின்றது. ஆற்று வாளையில் 'வாளை' போயிற்று, 'ஆத்து' நின்றது. கருத்த கத்தலையில் 'கத்தலை' போயிற்று, 'கருத்த' நின்றது. மூன்றிடத்தும் அடைமொழி நிலைத்துத் தலைச்சொல் உதிர்ந்துவிட்டது. லின்னேயசின் முறைப்படி இனப்பெயர் ஒரே சொல்லாக அமைதல் வேண்டும். இருசொல் தொடரில் ஒன்றைத்தான் கொள்ள இயலும். தமிழ் அறிந்த ஒருவர் அவ்விடத்தில் இருந்திருப்பின் எருமையை விட்டு நாக்கைக் கொண்டிருப்பார். பெர்லினில் அவ்வறிவு இல்லை. ஆதலின் கடல்மீன் ஒன்று அறிவியல் உலகில் வெறும் 'எருமை'யாகவே உலவுகிறது. தமிழ் மட்டுமே அந்தப் பெயரை முழுமையாக்க வல்லது. தமிழர் அதனை மறப்பரேல், எருமைக்கும் மீனுக்கும் என்ன உறவு என்று உலகுக்குச் சொல்ல ஆளிராது.

இம்மூன்றோடு நில்லாமல் வேறு தமிழ்ப் பெயர்களும் ஐரோப்பா சென்றன. புளோக் 1793இல் வரையறுத்த வரால் வகைகளுக்கு, பிரெஞ்சு அறிஞர் லாசெபேத் 1801இல் 'விரால்', 'குறவை' என்னும் ஒலிகளைத் தழுவிய பெயர்களை இட்டார். முன்னதாகவே வேறு பெயர் அமைந்திருந்தமையால் அவை இன்று செல்லுபடியாகாத மாற்றுப் பெயர்களின் பட்டியலில் உறங்குகின்றன. தரங்கம்பாடியில் டேனிஷ் படைத்துறை அலுவலராக இருந்த டால்டார்ப், 1791இல் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனொன்றைக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797இல் இலண்டனில் வெளிவந்தது. தமிழர் அதனை அதற்கு முன்பே 'பனையேறி' என்று அழைத்துவந்தனர்.

பிற மொழிகளுக்கும் இத்தகைய பேறு வாய்த்தது. விசாகப்பட்டினக் கரையின் மீன்களை 1803இல் வெளியிட்ட ரஸ்ஸல் தெலுங்குப் பெயர்களைக் குறித்தார். கங்கைக்கரை மீன்களை 1822இல் எழுதிய ஹாமில்டன் வங்க வழக்குகளை எடுத்தாண்டார். பினாங்கில் பணியாற்றிய கேன்டர் என்னும் டேனிஷ் மருத்துவர், 1849இல் மலாய் நாட்டு மீன்களைப் பட்டியலிட்டபொழுது மலாய்ப் பெயர்களைத் தந்தார். பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில் தமிழ்ப் பெயர்கள் பல காணப்படுகின்றன. இறுதியாக, புளோக்கின் நூலில் உதிர்ந்த தலைச்சொல் ஒன்று மீண்டும் உயிர் பெற்றதையும் குறிப்பிடல் வேண்டும். 1969இல் லால் மோகன் என்னும் இந்திய ஆய்வாளர் கத்தலை இனத்தில் ஒரு புதுப் பேரினத்தை வகுத்தபொழுது அதற்குக் 'கத்தலா' என்றே பெயரிட்டார். 176 ஆண்டுகளுக்கு முன் போன சொல் திரும்பி வந்தது.

கடல் தாண்டிய மக்கள், கரை தாண்டாத சொற்கள்

தரங்கம்பாடிக்குத் தெற்கே அண்மையில் உள்ளது நாகப்பட்டினம். மலாயாவுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர் கப்பலேறிய துறை அது. 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பல் சென்னையிலும் நாகையிலும் ஆளேற்றிப் பினாங்கு, சிங்கப்பூர் வரை வந்தது. எருமை நாக்கு புதைந்து கிடக்கும் கடல்மேல்தான் அம்மக்கள் கடந்து வந்தனர்.

1909இல் ஜொகூர் பாரு வரை இருப்புப்பாதை நிறைவுற்றபின் ஜொகூரின் உட்காடுகள் ரப்பர்த் தோட்டங்களாக மாறின. ரெங்கம் வட்டாரமும் அவ்வாறு மாறியதே. கங்காணி முறையிலும் பிறவாறும் தமிழர் அங்கு வந்து குடியேறினர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்யும் வரை அவ்வரவு தொடர்ந்தது. வந்தவருள் பெரும்பாலோர் தஞ்சை, திருச்சி, சேலம், ஆர்க்காடு மாவட்டங்களின் உழவுச் சிற்றூரினர், நெய்தல் நிலத்தாரல்லர். ஆகையால் அவர்தம் நாவில் இருந்தவை குளத்து மீன்களின் பெயர்கள்: வரால், கெளுத்தி, குறவை, கெண்டை. தோட்டத்து ஓடையிலும் வடிகாலிலும் கிடைத்த ஹாருவானைக் கண்டதும் அவர்கள் 'வரால்' என்று அறிந்துகொண்டனர். பழைய உறவினர் ஒருவரை அயலூரில் கண்டது போன்றது அது.

கடல்மீனின் நிலை வேறு. அதைப் பிடித்துப் பழகிய அறிவு அவர்களோடு வரவில்லை. கடைதான் அவர்களுக்குக் கடலைக் கற்பித்தது. கடைக்காரர் சொன்னது மலாய்ப் பெயர். வாங்குபவர் பலமொழியினராதலின் அப்பெயரே யாவர்க்கும் பொதுவாயிற்று. இதில் எவரையும் குறை கூற இடமில்லை. அண்டை மொழியிலிருந்து சொல் கொள்ளுதல் கூடி வாழும் மக்களின் இயல்பு. ஒரு தலைமுறை சொல்லாத பெயரை மறு தலைமுறை கேட்பதில்லை என்பதே இங்கு நிகழ்ந்தது.

இதனால் விளைந்த முரண் சிறிதன்று. தோட்டத்து வீடுகளில் கருவாடாகப் பயன்பட்ட 'கெலாமா', தரங்கம்பாடியில் 'கத்தலை' எனப் பெற்ற குடும்பத்தது; அதன் ஒரு பேரினம் ஜானின் பெயரையும், அதனுள் ஓரினம் 'கருத்த' என்னும் தமிழ்ச் சொல்லையும் தாங்கியது. தலைக்கறிக்கு விரும்பி வாங்கப்படும் 'ஜெனாஹாக்', புளோக் 1792இல் ஜானின் பெயர் சூட்டிய அதே மீன். ஓடையில் பிடித்த 'ஹாருவான்', 1793இல் புளோக் எழுதிய வரால். 'செபெலா', எருமை நாக்கு. ரெங்கத்துச் சந்தைப் பலகையில் தரங்கம்பாடியின் வரலாறு நான்கு வரிகளில் எழுதிக் கிடக்கிறது. அதைப் படிக்கும் எழுத்து மட்டும் மறந்துபோயிற்று.

வகுப்பறையின் பங்கு

இப்பெயர்களைக் காத்தல் என்பது மலாய்ப் பெயரை விலக்குதல் அன்று. ஒரு மீனுக்கு இரு பெயர் தெரிந்த மாணவன் ஒரு பெயர் தெரிந்தவனைவிட இரு மடங்கு அறிகிறான். 'செபெலா' என்ற சொல் அம்மீனின் பாதியுடலைக் காட்டுகிறது. 'எருமை நாக்கு' அதன் வடிவையும் பருமனையும் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் மீன் முழுமையாகத் தெரிகிறது.

சங்கப் பாடல்களில் வரும் சுறாவையும் இறாலையும் அயிலையையும் வாளையையும் கற்பிக்கும் ஆசிரியர், அவை அகராதியில் மட்டும் நீந்துவன என்ற எண்ணத்தை மாணவர் மனத்தில் விடலாகாது. நெய்தல் திணை பாடநூலில் முடிவதில்லை, சந்தையில் தொடர்கிறது. தமிழ்ப்பள்ளி மாணவர் தம் ஊர்ச் சந்தைக்குச் சென்று அங்குள்ள மீன்களின் மலாய்ப் பெயரையும், வீட்டு முதியோர் சொல்லும் தமிழ்ப் பெயரையும், அறிவியல் பெயரையும் மூன்று பத்தியாக எழுதி வருவாராயின், அது மொழிப் பாடமாகவும் அறிவியல் பாடமாகவும் வரலாற்றுப் பாடமாகவும் ஒருங்கே அமையும். முதியோர் இருக்கும் நாளிலேயே இது செய்யப்படல் வேண்டும். சொல்பவர் மறைந்தபின் தொகுக்க எதுவும் இராது.

தரங்கம்பாடி இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். டேனிஷ்காரரின் கோட்டை கடலை நோக்கி நிற்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையின் மீனவக் குடியிருப்புகளைச் சூறையாடிச் சென்றது. மக்கள் மீண்டும் கலம் செப்பனிட்டனர். மீண்டும் கடலுக்குச் சென்றனர். கட்டுமரங்கள் இருந்த இடத்தில் இன்று கண்ணாடியிழைப் படகுகள் பல நிற்கின்றன. ஆட்சிகள் மாறின, கலங்கள் மாறின, வலைகள் மாறின. மணலில் ஒருக்களித்துக் கிடக்கும் அம்மீனை வலையிலிருந்து எடுப்பவர் வாயில் வரும் பெயர் மட்டும் ஜான் கேட்ட அதே பெயர்தான். பெயர் தெரியாத ஒரு மீனவர் சொன்ன இரு சொற்களில் ஒன்றை உலகம் காத்து வருகிறது. மற்றொன்றைக் காப்பது தமிழ் பேசுவோர் கடமை.